சக்கரம் சுற்றியது, பிரேக் பிடிக்கவில்லை

இரண்டு மாதமாக இந்தப் பத்தி வரவில்லை. ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அப்பாவின் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. காரணம் நான்.

சண்டையெல்லாம் இல்லை. ஒரு பஞ்சர்... அவ்வளவுதான்.

தொண்டாமுத்தூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா தென்னை ஏறுகிறவர். தோப்பு தோப்பாகப் போய்வர ஒரு செகண்ட்ஹேண்ட் பைக் வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரம் காற்றிறங்கிக் கிடந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடப் போனவரை நான் தடுத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். போதாததற்கு மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். ஒரு சக்கரம் கழற்றி மாட்டத் தெரியாதா?

"உனக்கெதுக்கு கண்ணு இந்தக் கிரீஸு வேலையெல்லாம்?"

"நாலு வருசம் படிச்சது எதுக்குங்கப்பா?"

கழற்றினேன். பஞ்சர் ஒட்டி வாங்கி வந்தேன். மாட்டும்போதுதான் வம்பு. பிரேக்கை அமுக்கினால் சக்கரத்தின் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பது கேலிப்பர். அதன் இரண்டு பேடுகளுக்கு நடுவே டிஸ்க் நுழைய வேண்டும். நுழையவில்லை. ஸ்க்ரூடிரைவரால் பேடுகளை நெம்பி விலக்கினேன், நுழைந்தது. சுற்றிப் பார்த்தால் ஒரு பக்கமாக 'சர்... சர்...' என்று உரசல். மறுபடியும் நெம்பினேன். இப்போது சத்தமே இல்லை. தட்டிவிட்டால் சக்கரம் நிற்காமல் சுற்றியது!

அம்மா பக்கத்து வீட்டு அக்காவையே கூட்டி வந்துவிட்டாள். "பாருங்க, காத்தாடியாட்டச் சுத்துது! எம்புள்ள மாட்டுனதாக்கும்."

மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பினார். ஊர் தாண்டியதும் ஒரு இறக்கம். குறுக்கே ஆடு ஒன்று வந்திருக்கிறது. பிரேக்கைப் பிடித்திருக்கிறார். பிடிக்க அங்கே ஒன்றுமில்லை; பின்பிரேக் மட்டும் போதவில்லை. வாய்க்கால் சுவரில் மோதி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார்.

பைக்கை எடுத்துப்போக மெக்கானிக் வந்தார். முன்சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்தவர், நிமிராமலே கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, மாட்டினப்பறம் பிரேக்கை அமுக்கவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"கேலிப்பர் போல்ட்டைக் கொஞ்சம் லூசா உட்டுப்போட்டு, லீவரை நாலஞ்சு தடவ அமுக்கோணுமுங்க. தள்ளிப் போன பேடு டிஸ்க்கோட வந்து ஒட்டிக்கும். கேலிப்பரும் தானா நடுவுல உக்காந்துக்கும். அமுக்கிப் பிடிச்சபடியே டைட் பண்ணிப் போட்டா முடிஞ்சுதுங்க. நாம நெம்ப வேண்டியதே இல்லீங்க."

சொல்லிவிட்டுப் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்திருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன்.

"வாசல்லயே ஒருக்கா அமுக்கிப் பார்த்தேன் கண்ணு. லீவர் லொடலொடன்னு கைப்பிடி வரைக்கும் வந்துச்சு."

"அப்பறம் ஏனுங்கப்பா எடுத்துட்டுப் போனீங்க?"

"படிச்ச புள்ள மாட்டிருக்குது... புது மாதிரி போலன்னு நெனச்சுப்போட்டேன்."

பல வருடம் பைக் ஓட்டிய கை அது. அந்தக் கைக்குத் தெரிந்தது, என் படிப்புக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டது. இப்படி மூட வைத்தது யார்? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, உர மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது, நாளைக்கு மழை வருமா... எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொன்னவள் நான்தானே? தெரியாததற்கும் சொன்னேன். கேட்கிறார்களே என்ற பெருமை.

போன வியாழக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறதாம். மரம் ஏறுவதை மறந்துவிடச் சொன்னார் டாக்டர். அப்பா வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. நீ சொல்லு கண்ணு. மறுக்கா மரம் ஏறீருவனா?"

"எனக்குத் தெரியாதுங்கப்பா" என்றேன். பிறந்ததிலிருந்து அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் நம்பவில்லை.