முதல் பந்திக்கான இசைத்தட்டு

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டே கால் வயது. போனில் கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறப்பாள். படம் நின்றால் வாயும் மூடிவிடும். கிளினிக்கில் நிறை பார்த்த மிட்வைஃப் மிஸ் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, மூன்று மாதமாகக் கோடு படுத்தே கிடக்கிறதே என்றார். முதலில் போனை நிறுத்துங்கள், வாய்க்குள் என்ன போகிறதென்றே தெரியாமல் பிள்ளை விழுங்குகிறது என்றார். சிங்களத்தில், மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது கிளினிக் முழுக்கக் கேட்டதுபோல் இருந்தது. வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பிள்ளைக்குச் சோறூட்டத் தெரியவில்லை.

அன்றே போனை நிறுத்தினேன். மூன்று நாள் அவள் பாலையும் பிஸ்கட்டையும் தவிர எதையும் தொடவில்லை. நான்காம் நாள் சட்டி மூடி ஒன்று கைதவறி விழுந்து தரையில் சுழன்றது. அது சுற்றி ஓயும்வரை பார்த்துக்கொண்டே நான்கு வாய் வாங்கினாள். நான் மறுபடி சுற்றிவிட்டேன், இன்னும் மூன்று வாய். கை வலித்தபோதுதான் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டி ஞாபகம் வந்தது.

அது என் கணவர் கொண்டுவந்த பெட்டி. ஒரு வருடத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை யட்டவத்தைச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனவர், மரக்கறி இல்லாமல் ஒரு பெட்டி பழைய இசைத்தட்டுகளோடு வந்தார். கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட யாரோ ஒருவருடையவை. ஒவ்வொரு உறையிலும் பிளாஸ்டர் ஒட்டி, நீலப் பேனாவால் எழுதியிருந்தது: ‘பொண்ணு வரும்போது’, ‘தாலி’, ‘முதல் பந்தி’, ‘கடைசிப் பந்தி’. போட்டுக் கேட்க வீட்டில் மெஷின் இல்லை. அன்று நான் ஏசிய ஏச்சில் பெட்டி கட்டிலுக்கடியில் போனது.

இப்போது தீபாவளிச் சேலைக்கு எடுத்துவைத்த காசில் ரெக்கார்ட் பிளேயர் வாங்கலாமா என்று நானே கேட்டேன். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“என்னா டீச்சர், காய்ச்சலா? போன வருஷம் இதே பெட்டிக்கு என்னைய என்னா ஏச்சு ஏசுன.”

அந்தக் கிழமை முழுக்க இணையத்தில் வாசித்தேன். மலிவான மெஷின்களில் ஊசி பாரமாக அழுத்தி தட்டைச் சுரண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதெல்லாம் வீண் பயம் என்று அடுத்தவர். பழையதை வாங்காதே, ரப்பர் பெல்ட் இற்றுப்போயிருக்கும் என்றார் இன்னொருவர். மூன்று பேரையும் நம்பினேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பதினொரு கேள்விகளை எழுதிக்கொண்டேன். சோதித்துப் பார்க்க ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டேன். ‘தாலி’ என்று எழுதியதைக் கடையில் வைத்துச் சோதிக்க மனம் வரவில்லை. ‘முதல் பந்தி’ என்றால் பரவாயில்லை என்று பட்டது.

மகளோடு மூவருமாகப் போனது மாத்தளை டவுனில், படியேறிப் போகும் பலகைத் தரைக் கடைக்கு. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் திருத்துகிற முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் ‘நானா’, மூன்று மெஷின்களைக் காட்டினார். சூட்கேஸ் போல மூடித் தூக்கக்கூடியது ஒன்று, நீல நிறம், மூன்றிலும் மலிவு. அதே வகையில் கொஞ்சம் பெரியது இன்னொன்று. மூன்றாவது பழைய ஜப்பான் மெஷின். கனமான மரப்பெட்டி, கண்ணாடி போல மூடி, ஊசி பிடிக்கிற கையின் பின்பக்கம் திருகிச் சரிசெய்கிற ஒரு எடை. அதற்குத் தனியாக ஸ்பீக்கர் வேண்டும். நீலத்தை வாங்கினால் காசு மிஞ்சும், சேலைகூட வரலாம். நான் கொப்பியைத் திறந்தேன். பெல்ட் மாற்றியதா, ஊசி இனியும் கிடைக்குமா, மூன்று வருடம் கழித்தும் கிடைக்குமா, கரண்ட் கூடிக்குறைந்தால் என்ன ஆகும்.

நானா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டுச் சொன்னார்: “இந்த மெஷினுக்குப் பேய் புடிக்குமான்னு மட்டுந்தான் தங்கச்சி நீங்க கேக்கல்ல.”

பன்னிரண்டாவது கேள்வி அப்போதுதான் தோன்றியது. எங்கள் வாடகை வீட்டுக்கும் பலகைத் தரைதான். பிள்ளையோ பாட்டுக் கேட்டால் குதிப்பாள். பாட்டு ஓடும்போது நான் ஒருதரம் குதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். நானா எழுந்து கதிரையை நகர்த்தி இடம் விட்டார்.

சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குதித்தேன். நீல மெஷினின் ஊசி பாட்டின் தொடக்கத்திலிருந்து கடைசிக்கு வழுக்கிப் போனது. இரண்டாவதும் அப்படியே. கணவரின் தோளிலிருந்த மகள் இறங்கிவந்து என்னோடு சேர்ந்து குதித்தாள். ஜப்பான் மெஷின் ஒருமுறை விக்கியது. நானா பின்னாலிருந்த எடையைக் கொஞ்சம் திருகினார். மறுபடி குதித்தோம், பாட்டு அசையவில்லை. மின்விசிறியைத் திருத்தக் கொண்டுவந்த ஒருவர் படியிலேயே நின்றுவிட்டார்.

“என்ன நானா, இப்ப எக்ஸசைஸ் கிளாஸும் நடத்துறீங்களா?”

எனக்கு முகமெல்லாம் சூடு. மகளுக்கு நிறுத்த மனமில்லை. நானா தட்டைக் கழற்றி உறையில் போடும்போது பிளாஸ்டரை வாசித்துச் சிரித்தார். அவரும் ஒருகாலத்தில் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி செட் கட்டியவராம்.

“மொதப் பந்திக்கு வேகமான பாட்டுத்தான் போடணும் தங்கச்சி. மெதுவாப் போட்டா எலையிலேயே குந்திக்கிட்டு இருப்பாங்க, வெளிய நிக்கிற ஆக்கள் எங்களத்தான் ஏசுவாங்க. கடைசிப் பந்திதான் ஊட்டு ஆக்களும் சமையக்காரங்களும் குந்துறது. அதுக்கு ஆறுதலாப் போடணும்.”

ஒருநாள் யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் அதற்குள் காசைக் கொடுத்து, ஸ்பீக்கரை என் கையில் தந்துவிட்டு, ஜப்பான் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அடியில் கனமான கல் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது என்று நானா சொல்லியிருந்தார். முன்பு குடியிருந்தவர்கள் பின்கதவோரம் விட்டுப்போன அம்மிக்கல்லைக் கழுவி, துடைத்து, குட்டை அலுமாரியின் மேல் ஏற்றினோம். அதன்மேல் மெஷின். மகள் எட்டிப் பார்க்கலாம், எட்டிப் பிடிக்க முடியாது.

பகல் சாப்பாட்டுக்கு ‘முதல் பந்தி’யைப் போட்டேன். சோறு, பருப்பு, பூசணிக்காய். மகள், சுழலும் இசைத்தட்டைப் பார்த்தபடியே நின்றாள். வாய் மூடியே இருந்தது. ஒரு பாட்டு முடிந்தது. ஒரு போனை எடுத்துவிட்டு இன்னொரு போனை வாங்கிவைத்திருக்கிறேனோ, சேலைக்காசும் போச்சோ என்று நினைத்தேன்.

இரண்டாவது பாட்டில் தவில் வேகம் பிடித்தது. அவள் குதிக்கத் தொடங்கினாள். பிறகு அறையைச் சுற்றி ஓடினாள். என்னைக் கடக்கும்போது நின்று, வாயைத் திறந்தாள். நான் ஊட்டினேன். மென்றுகொண்டே இன்னொரு சுற்றுப் போய்வந்தாள். ஐந்தாவது சுற்றில் சோற்றுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, மஞ்சளாக இருப்பது என்ன என்று கேட்டாள். பூசணி என்றேன். “பூசணி,” என்று சொல்லிவிட்டு அதையே கேட்டு வாங்கினாள். ஊசி ஒருமுறையும் தாவவில்லை. அந்தப் பக்கம் முடிந்தபோது, “இன்னும்,” என்றாள். பாட்டா சோறா என்று தெரியவில்லை. தட்டைத் திருப்பியும் போட்டேன், சோறும் வைத்தேன்.

அடுத்த கிளினிக்கில் புள்ளி கொஞ்சம் மேலே ஏறியது. அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். என்ன செய்தீர்கள் என்று மிட்வைஃப் மிஸ் கேட்டார். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, கடையில் குதித்ததுவரை சொன்னேன். அவர் அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பிட்டு முடித்து சட்டி மூடியொன்றைச் சுற்றிவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல குசினியில் நின்றபடி அவள் மிச்சம் வைத்ததை வழித்துத் தின்னப் போனேன். கணவர் ஒரு கோப்பையில் சோறும் கீரையும் போட்டு மேசையில் வைத்து, கதிரையை இழுத்துவிட்டு, ‘கடைசிப் பந்தி’யைப் போட்டார்.

“குந்து. நம்ம பந்தி.”

பாட்டு அவசரமே இல்லாமல் போனது. ஊசி எத்தனை மணிநேரம் தேய்ந்திருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் விட்டேன். ஒரு வாய், இன்னொரு வாய். கீரையில் உப்பு இல்லை. பிள்ளைக்கென்று குறைத்துக் குறைத்து, ஒரேயடியாக இல்லாமலே போயிருக்கிறது. இத்தனை மாதமாக ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன்.

அவர் எழுந்துபோய்ப் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.