ஒரே அம்மியில் இரண்டு சாபம்

பேய்க்கதைகளில் வரும் சாபங்களின் வேரைத் தேடி ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு வந்திருக்கிறேன். பொருளைப் பறிகொடுத்தவர்கள் மிளகாய் அரைத்து இங்குள்ள நீதிக்கல்லில் பூசினால், எடுத்தவர் உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. ஒரே வீட்டு மருமகள்கள் இருவர் ஒரே அம்மியில் மாறி மாறி அரைக்கிறார்கள்.

"என்னங்க காணாமப் போச்சு?"

"மாமியா சங்கிலிங்க. இவதான் எடுத்திருக்கோணும்," என்கிறார் மூத்தவர்.

"அக்காதானுங்க எடுத்தது," என்கிறார் இளையவர், அக்கா அரைக்கத் தோதாகத் தண்ணீர் தெளித்தபடி.

"அப்புறம் எதுக்குங்க சேர்ந்து வந்தீங்க?"

"ஒரே ஊடுதானுங்களே."

சாபம் யார் மேல் விழும், விழுந்தால் யார் யாரைப் பார்த்துக்கொள்வார்கள், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மிளகாய் நெடியில் என் கண் எரிந்து நீர் கொட்டுகிறது. அரைப்பதை நிறுத்திவிட்டு இருவரும் என்னையே பார்க்கிறார்கள்.

"ஏனுங்க," என்கிறார் மூத்தவர், "நீங்க எந்த ஊருங்க?"