பின்னால் வந்த வெள்ளைக் கார்

டோறின் சைக்கிளில் ஏறினால் பின்னால் ஒரு வெள்ளைக் கொறோலா கார் வரும். ஒக்லாந்து நகரத்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் இதை அறியாத தமிழர் இல்லை. பால் வாங்க டெய்ரிக்குப் போனாலும் வரும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாலும் வரும். அதை ஓட்டுபவர் அவளுடைய கணவர் கிளறன்ஸ். அவர் முந்தவும் மாட்டார், ஹோர்னும் அடிக்கமாட்டார். சைக்கிளின் வேகத்துக்குக் காரை உருட்டிக்கொண்டு, தனக்குப் பின்னால் சேரும் வாகனங்களுக்குக் கையை வெளியே நீட்டி, "போங்கோ, போங்கோ" என்று தமிழில் வழிவிடுவார்.

மன்னாரில் டோறின் அரசாங்க மருத்துவமாது. நானாட்டான், முருங்கன் பக்கத்து ஒழுங்கைகளெல்லாம் அவளுடைய சைக்கிளுக்குத் தெரியும். பிள்ளை பிறக்கப்போகிறது என்று ஆள் வந்தால் மழையென்றும் பாராமல், துவக்குச் சத்தமென்றும் பாராமல் போய்விடுவாள். கிளறன்ஸுக்குத் தபால் கந்தோரில் வேலை. பின்னால் போவதற்கு அவரிடம் அப்போது வாகனம் எதுவும் இருக்கவில்லை. ஒக்லாந்துக்கு வந்து ஒடாஹுஹுவில் ஒரு தளபாடக் கிட்டங்கியில் வேலை கிடைத்ததும் அவர் முதலில் வாங்கியது கார். அதற்குப் பிறகு டோறினால் தனியாக ஒரு தெருமுனையைக்கூடத் திரும்ப முடியவில்லை.

அவளுடைய மருத்துவமாதுப் பத்திரம் இங்கே செல்லுபடியாகவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடித்தாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம், பக்கத்து மேசையில் மடிக்கும் ஷெரில் ஒரு வரைபடத்தை விரித்தாள். வடக்கே ஓமாபெரேயில் தொடங்கி, வைப்போவா காட்டை ஊடறுத்து, காய் இவி ஏரிகள் வரை சைக்கிளில் போவது. அடுத்த நாள் டார்கவில். கூட வருவதாகச் சொன்ன மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள்.

"நான் வாறன்," என்றாள் டோறின்.

வீட்டில் சொன்னபோது கிளறன்ஸ் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"காட்டுக்குள்ளயோ? உமக்கென்ன விசரே?"

"ஒரு றோட்டையாவது, தொடங்கின இடத்திலயிருந்து முடியிற இடம் மட்டும், ஆரும் பின்னால வராமல் ஓடிப் பாக்கவேணும்."

"நான் என்ன பேயே, பின்னால வாறதுக்கு?"

"பேயெண்டால் பகலில வராது."

மகள் றெபேக்கா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "டாட், லீவ் ஹர் அலோன்," என்றாள். கிளறன்ஸ் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் சம்மதமில்லை என்று அர்த்தம்.

ஓமாபெரேயில் டோறினும் ஷெரிலும் விடிய வெளிக்கிட்டபோது, கடற்கரையோரம் அந்த வெள்ளைக் கார் நின்றது. அதன் பின்பெட்டியில் இடியப்பம், சம்பல், மீன்குழம்பு, சோற்றுப் பானை, எரிவாயு அடுப்பு, தேநீர்ப் பிளாஸ்க், இரண்டு கம்பளிப் போர்வை, ஒரு அந்தோனியார் படம்.

"சும்மா வந்தனான். எனக்கும் லீவுதானே," என்றார் கிளறன்ஸ்.

டோறின் தலைக்கவசத்தின் வாரை இறுக்கினாள். அது கொண்டைக்கு மேல் சரியாக இருக்காததால் அன்று பின்னல் போட்டிருந்தாள்.

"நான் இந்தக் காருக்குள்ள ஏறமாட்டன். கால் முறிஞ்சாலும் ஏறமாட்டன்," என்றாள்.

ஒருதரம் ஏறினால் போதும் என்பது அவளுக்குத் தெரியும். 'நான் மட்டும் போயிருக்காட்டி இவ காட்டுக்குள்ளயே கிடந்திருப்பா' என்று கிளறன்ஸ் ஆயுள் முழுக்கப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஏற்றம் தொடங்கியது. டோறின் மூச்சு வாங்கினாள். பின்னால் கார் முதலாவது கியரில் முனகியது. ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியை இறக்கி, "தேத்தண்ணி?" என்று கேட்டார் கிளறன்ஸ். டோறின் திரும்பவில்லை. ஷெரில் மட்டும் நின்று வாங்கிக் குடித்தாள். இரண்டாம் முறை இடியப்பமும் வாங்கினாள். மூன்றாம் முறை அவளாகவே காருக்காகக் காத்து நின்றாள்.

காட்டுக்குள் நுழைந்து கொஞ்சத் தூரம் போயிருப்பார்கள். வளைவு திரும்பியதும் டோறின் பிரேக்கை அழுத்தினாள். தெருவுக்குக் குறுக்கே ஒரு மரம் கிடந்தது. அதன் முன்னால் பச்சைச் சீருடையில் ஒரு ஆள் கையை உயர்த்திக்கொண்டு நின்றான்.

அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே நிலத்தைத் தொட்டன. சைக்கிளை விட்டு இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றி ஹாண்டிலில் மாட்டினாள். கண்ணை நிலத்தில் வைத்தபடி, சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு போய், அவனுக்கு முன்னால் நின்று, பையிலிருந்து முதலில் அகப்பட்ட அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

பின்னால் கார் எஞ்சின் நின்றது. கிளறன்ஸ் இறங்கினார். யாரும் கேட்காமலே முன்மூடியைத் திறந்தார், பின்பெட்டியைத் திறந்தார், நான்கு கதவையும் திறந்தார். பிறகு கைகள் தெரியும்படி ஓரமாக ஒதுங்கி நின்றார்.

சீருடைக்காரன் வனக்காவலன். முகம் முழுக்கச் சிவப்புத் தாடி. அட்டையைப் புரட்டிப் பார்த்தான்.

"இது நூலக அட்டை அம்மா. இதைக் காட்டி இங்கே புத்தகம்கூட எடுக்க முடியாதே," என்றான்.

பிறகு பின்பெட்டியை எட்டிப் பார்த்தான். மீன்குழம்பு மணம் அவனைக் கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்தியது.

"எங்கே கல்யாணம்?"

ஷெரில் தெருவோரத்தில் குந்திவிட்டாள். சிரிப்பு அடங்கியதும், "ஏன் இறங்கினாய்? ஏன் அவர் காரை எல்லாம் திறந்து வைத்தார்?" என்று கேட்டாள்.

"எங்கட ஊரில மரம் குறுக்க கிடந்து, உடுப்புப் போட்டவனும் நிண்டால், அது ஆமிச் சென்றி, இறங்கி அடையாள அட்டை காட்டவேணும்," என்று சொல்லத் தொடங்கிய டோறின், ஷெரிலுக்குத் தமிழ் தெரியாதென்பது நினைவு வந்து நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். கிளறன்ஸ் இன்னும் கைகளை விரித்தபடி நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. மன்னாரில் இருவரும் இந்த விஷயத்துக்கு ஒருநாளும் சிரித்ததில்லை.

வனக்காவலன் விஷயத்தைச் சொன்னான். மரத்தை வெட்டி அகற்ற நாளையாகும். கார் போக முடியாது. சைக்கிளைத் தூக்கிக் கடத்தலாம். அங்கால் தெரு நல்லாயிருக்கிறது. காரில் ஏரிக்குப் போவதென்றால் திரும்பிப் போய், ஃபாங்காரே சுற்றித்தான் போகவேண்டும்.

"அப்ப எல்லாரும் திரும்புவம்," என்றார் கிளறன்ஸ்.

"நீங்கள் திரும்புங்கோ. போறதுக்கு முன்னம் சைக்கிளைத் தூக்கித் தாங்கோ."

"டோறின், இது காடப்பா!"

"நான் பாக்காத காடே?"

அவர் வனக்காவலன் பக்கம் திரும்பி, இங்கே கரடி உண்டா, சிறுத்தை உண்டா, பாம்பு உண்டா என்று விசாரித்தார். இந்த நாட்டில் பாம்பே இல்லை, காட்டில் அட்டகாசம் செய்வது பொஸம் என்ற பூனையளவு பிராணிதான், அதுவும் பகலில் தூங்கும் என்றான் அவன். கிளறன்ஸுக்கு அதில் முழு நம்பிக்கை ஏற்படவில்லை. ஆனாலும் இடியப்பத்தில் ஒரு பொட்டலம் கட்டி அவளுடைய பையில் வைத்தார். இரண்டு சைக்கிளையும் ஒவ்வொன்றாகத் தோளுக்கு உயர்த்தி, கொப்புகளுக்கு இடையால் மரத்தின் அந்தப் பக்கம் இறக்கினார். ஷெரிலும் டோறினும் ஏறிக் கடந்தார்கள்.

"கவனம்."

"ஓம்."

அதற்குப் பிறகு காடு. கவுரி மரங்கள் தூண்கள் மாதிரி நேராக எழுந்து மேலே எங்கோ போய்க் கிளை விட்டிருந்தன. இரண்டு சைக்கிள் சங்கிலியும் சுழலும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. டோறின் இரண்டு வளைவுக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கார்ச் சத்தம் இல்லாத ஏற்றம் முந்தியதைவிடச் செங்குத்தாகத் தெரிந்தது. அவள் சத்தமாக மாதா பாட்டு ஒன்று பாடினாள். இரண்டாவது சரணம் மறந்துபோய், முதலாவதையே திரும்பத் திரும்பப் பாடினாள்.

காடு முடிந்த இடத்தில் ஒரு பண்ணைக்காரன் பின்பக்கம் திறந்த தன் யூட் வண்டியை நிறுத்தி, ஏரி வரை ஏற்றிப் போகவா என்று கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் ஷெரிலின் சைக்கிள் யூட்டில் கிடந்தது.

"நீயும் ஏறு டோறின். யார் பார்க்கப்போகிறார்கள்?"

அதுதான் சோதனை. முழங்கால் இரண்டும் 'ஏறு, ஏறு' என்றன. யாரும் பார்க்கப்போவதில்லை என்பதும் உண்மை. யூட்டின் பின்பக்கத்தில் வைக்கோல்கூட மெத்தை மாதிரி இருந்தது.

"புருஷன்ர காரிலயே ஏறாதனான்," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில், "வேண்டாம், நன்றி," என்றாள்.

அவள் ஏரிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சைக்கிளை மணலில் போட்டுவிட்டு, உடுப்போடு முழங்கால் அளவு தண்ணீரில் போய் நின்றாள். அழுகை வருமென்று நினைத்தாள். பசிதான் வந்தது.

கிளறன்ஸ் இருட்டிக்கொண்டு வரும்போதுதான் வந்தார். வழியில் எல்லாப் பெட்ரோல் நிலையங்களிலும் நிறுத்தி, சைக்கிளில் ஒரு இலங்கைப் பெண்ணைக் கண்டீர்களா என்று கேட்டிருக்கிறார்.

"நான் எப்பிடியப்பா ஃபாங்காரேயால வருவன்?"

"ஆருக்குத் தெரியும், நீர் வழி மாறி வந்திருந்தால்?"

அவர் சோற்றைச் சூடாக்கினார். ஷெரில் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். அவள் படுத்த பிறகு கிளறன்ஸ் மெல்லக் கேட்டார்:

"முழுக்க ஓடினீரோ?"

"முழுக்க."

"தனியவோ?"

"காட்டுக்குப் பிறகு தனிய."

அவர் பானையைக் கழுவப் போனார். கழுவி முடிய வெகுநேரம் எடுத்தது.

"நாளைக்கு டார்கவில்," என்றாள் டோறின். "நீங்கள் முன்னால போங்கோ. நான் காணாத தூரத்தில."

காலையில் கார் உண்மையாகவே போய்விட்டிருந்தது. ஷெரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்தங்க, டோறின் தனியே ஓடினாள். முதல் பண்ணை வாசலில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அடுத்த வாசலில் இரண்டு பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாவது வாசலில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண், கையில் எலுமிச்சைச் சாறோடு தெருவுக்கே வந்து மறித்தாள்.

"நீதானே டோறின்? யார் துணையுமில்லாமல் வைப்போவாவிலிருந்து ஓடி வந்தவள்? உன் கணவர் எல்லாம் சொன்னார்."

டோறின் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அவர் போய் எவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

"இப்போதுதான்," என்றாள் அந்தப் பெண். "இவ்வளவு நேரமும் அந்த மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உன் தலை தெரிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்."