நாங்கள் தரையிறங்கிய விதம்

டத்தோ கிராமாட்டில் உள்ள என் வீட்டில், கணினியில் மூன்று வருடம் விமானம் ஓட்டிப் பழகியவன் நான். அந்தத் தைரியத்தில் அலுவலக நண்பர்கள் நான்கு பேரை வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு, நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த புல்வெளி ஓடுதளத்துக்குப் போனேன். அங்கே நின்ற பறக்கும் வண்டிக்கு மூன்று சக்கரம், ஒரு துணி இறக்கை, பின்னால் ஓர் இன்ஜின். அவ்வளவுதான். பயிற்சி கொடுக்கும் பெண் என்னைவிடப் பத்து வயது இளையவர். இறக்கையிலிருந்து இறங்கும் குறுக்குக் கம்பியைக் காட்டினார்.

"தள்ளினா மூக்கு மேல போகும், இழுத்தா கீழ போகும். மறந்துடாதீங்க அண்ணே."

"அதெல்லாம் எனக்குத் தெரியும் லா," என்றேன்.

பின்னிருக்கையிலிருந்து அவரே ஒரு சுற்று ஓட்டினார். இறங்கத் தொடங்கியதும் கம்பியை என்னிடம் விட்டார். செம்பனை மரங்கள் நெருங்கி வந்தபோது என் மூன்று வருடப் பயிற்சி விழித்துக்கொண்டது. மேலே எழும்பவேண்டும் என்று, கணினியில் செய்வதுபோலக் கம்பியை நெஞ்சோடு சேர்த்து இழுத்தேன். வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு மரங்களை நோக்கிப் பாய்ந்தது.

"அண்ணே, கைய எடுங்க! மடியில வைங்க!"

வைத்தேன். மறுகணமே வண்டி நிதானத்துக்கு வந்தது. என் கையில் இருந்தவரை அதற்கு அப்படி ஓர் ஒழுக்கம் இல்லை. சக்கரம் புல்லில் பட்டதே தெரியாமல் அவர் இறக்கினார்.

நண்பர்கள் கைதட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். "சூப்பர் லேண்டிங் லா! நீங்களா இறக்கினீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

தலைக்கவசத்தைக் கழற்றத் தேவையைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். பின்னிருக்கையில் அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான்," என்றேன்.