முழுக்கு எடுக்கும்வரை உலகம் இருக்கட்டும்

ஒரே ஒரு ஆள் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் உலகம் முடிந்துவிடும் என்று நான் நம்பினேன். விவரம் தெரியாத வயதில் அல்ல. மீசை முளைத்து, கல்யாணம் முடித்து, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனாகி, இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டுகிற ஆலையில் ஒரு ஷிப்டையே அதட்டி வேலை வாங்குகிற மேஸ்திரியான பிறகு. அந்த ஒரு ஆள் எங்கள் ஆலைக்கு இயந்திரம் பூட்டி ஓட்டிக்கொடுக்க வந்த பம்பாய் இன்ஜினியர். அவர் ஒரு யூதர்.

எழுபதுகளின் பின்பாதி. எங்கள் பக்கம் அப்போதுதான் நெல் வயல்களுக்கு நடுவே ஷெட்டுகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவர் வந்த முதல் வாரம், மரியாதைக்காக என் வீட்டிலிருந்து பழவேற்காட்டு இறால் தொக்கு கொண்டுபோனேன். தொடவில்லை. சைவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் மனிதர் மடவை மீனை முள் முள்ளாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டதற்கு, செதிலும் துடுப்பும் இருந்தால்தான் தங்கள் வேதப்படி சாப்பிடலாம், இறாலுக்கு இரண்டும் இல்லை என்றார். எந்த வேதம் என்று கேட்டேன். சொன்னார். நான் முதலில் செய்த காரியம் அவர் காலைப் பார்த்ததுதான். யூதர் என்றால் அங்கியும் தோல் செருப்புமாக இருப்பார், பைபிள் அட்டையை மூடியதோடு அவர்கள் கதையும் முடிந்துவிட்டது என்பது என் எண்ணம். இவர் டெரிலின் பேண்ட் போட்டிருந்தார். பெரம்பூரில் பல வருஷம் வேலை பார்த்ததால் தமிழ் பேசினார். அதுவும் இன்னா, கீது என்று எங்கள் தமிழ்.

நான் கிறிஸ்தவன். எனக்கு ஞாயிறு ஆராதனை. அவருக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும்வரை ஓய்வு. நெருப்பு மூட்டக்கூடாது, இயந்திரத்தைத் தொடக்கூடாது. நெருப்பு உலையோடு பிழைப்பவருக்கு இப்படி ஒரு சட்டம். அதனால் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை அவர் வேலையை நான் பார்ப்பேன், ஞாயிறு என் வேலையை அவர் பார்ப்பார். முதலாளிக்கு வாரம் முழுக்க ஆள் கிடைத்தது. மேலே இருப்பவருக்கும் புகார் இல்லை. இவ்வளவு சுமுகமான சமய உடன்பாடு உலகத்தில் வேறு எங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பேச்சு மேசியாவில், உலகத்தை மீட்கக் கடவுள் அனுப்புவதாகச் சொன்ன ஆளில், போய் நின்றது ஆலையின் திறப்பு விழாவால். மெயின் மோட்டார் வந்து சேராத ஆலையை முதலாளி பந்தல் போட்டுத் திறந்தார். பெரிய மனிதர் ஒருவர் ரிப்பன் வெட்டினார், லட்டு கொடுத்தார்கள், கல்வெட்டும் வைத்தார்கள். ஒரு அடி கம்பிகூட உருளவில்லை. கூட்டம் கலைந்த பிறகு இன்ஜினியர் கல்வெட்டின் முன்னால் நின்று சிரித்தார்.

"மேஸ்திரி, ஒனக்கும் எனக்கும் இதான் தகராறு. நீ ரிப்பன் வெட்டியாச்சுங்கறே. நான் கம்பி எங்கங்கறேன்."

மேசியா வந்தால் சண்டை நிற்க வேண்டும், பசி போக வேண்டும், சிதறிக்கிடக்கிற தன் ஜனம் ஒன்றுசேர வேண்டும், உலகம் உருப்பட வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த மேசியா கடவுள் அல்ல, கடவுளின் பிள்ளையும் அல்ல. தாவீது ராஜாவின் வம்சத்தில் பிறக்கப்போகிற மனிதர். உலகம் உருப்படவில்லை, ஆகவே அவர் இன்னும் வரவில்லை. தங்களுக்குள்ளேயே சிலர், 'ஆள் என்று யாரும் வரமாட்டார், நல்ல காலம் என்று ஒன்றுதான் வரும்' என்று சொல்வதாகவும் சொன்னார்.

நானும் விடவில்லை. எங்கள் ஆள் முதல் தடவை வந்தது கம்பி உருட்ட இல்லை, எங்கள் பாவத்தைத் தன் தலையில் சுமந்து சாகவும், செத்து எழுந்திருக்கவும். கம்பி உருட்டுவது இரண்டாவது வருகையில். மோட்டார் வந்துகொண்டே இருக்கிறது சார் என்றேன். அவர் அதை வெகுவாக ரசித்தார். அதற்குப் பிறகு மோட்டார் தாமதம் என்று பம்பாயிலிருந்து தகவல் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார்.

மோட்டார் வந்தது. கம்பியும் உருண்டது. அதன் பிறகு ஒரு நாள் டீ குடிக்கும்போது, நவம்பரில் கிளம்புகிறேன் மேஸ்திரி, இஸ்ரேலுக்கு, இனி அங்கேதான் என்றார். முதலாளி இரண்டாவது இயந்திர வரிசையையும் முடித்துக்கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்; இவர் முடியாது என்றுவிட்டார். அவருடைய அப்பா சில வருஷம் முன்னால் தன் மகளோடு அங்கே போய், பாலைவன ஓரத்து ஊர் ஒன்றில் இருந்தார். பெரியவருக்குக் கண் பார்வை போய்விட்டது. தினமும் வாசல் பக்கம் சத்தம் கேட்டால் இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாராம்.

"மேசியாவைக் கூட்டியாரப் போகல மேஸ்திரி. அப்பா பக்கத்துல போய் உக்காரணும். அவ்ளோதான்."

எனக்கு அப்போது கண் கலங்கியது உண்மை. அந்த ஈரம் ஞாயிற்றுக்கிழமை வரைகூடத் தாங்கவில்லை.

புதுவாயல் கூட்டு ரோட்டில், பஞ்சர் கடைக்குப் பின்னால் எங்கள் ஜெபவீடு. அந்த ஞாயிறு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் கரும்பலகையில் சாக்பீஸால் கடைசிக் காலத்தைப் படம் போட்டுக் காட்டினார். சிதறிய யூதர்கள் எல்லாரும் தங்கள் தேசத்துக்குத் திரும்புவார்கள். உடனே எக்காளம் ஊதும், பரிசுத்தவான்கள் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் பாடு அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் அவரைப் பிடித்து, எல்லாரும் என்றால் கடைசி ஆள் வரைக்குமா ஐயா என்று கேட்டேன். ஆமாம், கடைசி ஆள் வரைக்கும் என்றார். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. இன்னொரு கேள்வி கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

எனக்குத் தெரிந்து உலகத்தில் பாக்கி இருந்த ஒரே யூதர் எங்கள் ஆலையில் இருந்தார். மற்றவர்கள் எல்லாம் போயிருப்பார்கள் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். இவர் சாமானைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் தயாராக இல்லை. முழுக்கு எடுக்காதவனை மேலே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எங்கள் ஜெபவீட்டு எண்ணம். என்னால் பீடியை விடமுடியாததால் பாஸ்டர் எனக்குத் தண்ணீரில் முழுகி எடுக்கிற அந்த ஞானஸ்நானத்தைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் ஜனவரி என்று சொல்லியிருந்தார். என் மனைவி கட்டாயம் மேலே போய்விடுவாள். அவள் பக்தி அப்படி. போகும்போது குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். நான் மட்டும் கீழே நின்று, மண்ணெண்ணெய் ஸ்டவ் அடைப்புக்கு ஊசி குத்தத் தெரியாமல், கடைசிக் காலக் கொடுங்கோலன் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சியில் பட்டினி கிடப்பேன். இந்தக் காட்சி எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அந்திக்கிறிஸ்துவைவிட அந்த ஸ்டவ்வுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் ஆலையின் புதுச் சங்கை ஊதிப் பார்த்தார்கள். நான் கழிவு இரும்புக் குவியல் பக்கம் நின்றிருந்தேன். எங்கள் ஜெபவீட்டு வெல்டர் அங்கேதான் வேலை செய்துகொண்டிருந்தார். பக்தியில் என் மனைவிக்கு அடுத்தபடி அவர்தான். திரும்பிப் பார்த்தேன். முகமூடி கிடக்கிறது, செருப்பு கிடக்கிறது, பற்றவைத்த இடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது, ஆளைக் காணோம். எக்காளம் ஊதிவிட்டது, அவரை மேலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் துருப்பிடித்த தகடுகளுக்கு நடுவே முழங்காலில் விழுந்து, என் பீடிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அறிக்கையிட ஆரம்பித்தேன். அரை வருஷத்துப் பீடிக் கணக்கை முடிப்பதற்குள் வெல்டர் சுவருக்குப் பின்னாலிருந்து கைலியைச் சரிசெய்துகொண்டு வெறுங்காலோடு வந்தார்.

"இன்னா மேஸ்திரி, எதுனா உழுந்துடுச்சா? தேடிக்கினு கீறே?"

"போல்ட்டு" என்றேன். பாவம், அவரும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினார்.

இதைச் சொல்லிப் பல கல்யாண வீடுகளில் பந்தியையே சிரிக்க வைத்திருக்கிறேன். இதற்கு அடுத்தது நடந்ததை எங்கேயும் சொன்னதில்லை.

பயணம் நல்லபடியாக அமைய இன்ஜினியர் வீட்டாருக்கு ஒரு படையல் உண்டு. ஊறவைத்த அவலில் தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய் போட்டுப் பிசைந்து, சுற்றிலும் பழங்கள் வைத்து, எலியா தீர்க்கதரிசியை நினைத்து ஜெபம் செய்து சாப்பிடுவார்கள். ஆயுத பூஜை அவல் பொரிக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. படைத்ததைத் தின்னக்கூடாது என்பது எங்கள் ஜெபவீட்டுச் சட்டம். ஆனால் எலியா எங்கள் பைபிளிலும் இருக்கிறாரே. இன்ஜினியர் தன் அறைக்கு என்னை மட்டும் கூப்பிட்டிருந்தார். மேசியாவுக்கு முன்னால் எலியா வந்து சேதி சொல்வார், அதற்கும் இன்னும் காத்திருக்கிறோம் என்றார். எங்களுக்கு அவரும், எங்கள் ஆளுக்கு முன்னால் சேதி சொன்ன யோவான் ஸ்நானகனாக, வந்து போயாச்சு என்றேன். ஒங்க பக்கம் எல்லாரும் வந்து வந்து போய்க்கினே கீறாங்க மேஸ்திரி என்று சிரித்தபடி என் கையில் அவலை வைத்தார்.

அதோடு நான் உடைந்துவிட்டேன். பிரசங்கியார், கரும்பலகை, ஸ்டவ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஜனவரியில முழுக்கு எடுக்கறேன் சார். அதுவரைக்கும் இருங்க. அப்புறம் நீங்க எங்க வேணா போங்க, உலகம் எப்டி வேணா போவட்டும்."

அவர் சிரித்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அவல் விரல் சந்துகளில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் சிரிப்பு நின்றது.

"எங்க ஜனம் எவ்ளோ காலமா காத்துக்கினு கீது. ஒனக்காக நான் ரெண்டு மாசம் காத்தா இன்னா" என்றார். "அந்த ரெண்டாவது வரிசையையும் முடிச்சுட்டே போறேன். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிடறேன்."

அவருடைய பயம் இல்லை அது. அவர் நம்பாத வருகை, அவர் ஏற்காத மேசியா. இருந்தும் நின்றார். நான் அந்தக் கணத்தில் அவருடைய அப்பாவை நினைத்தேனா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். நினைக்கவில்லை. அப்பாடா, ஜனவரி வரை தப்பித்தோம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பீடிகூடப் பற்றவைத்தேன்.

டிசம்பர் நடுவில் தந்தி வந்தது. ஆபீஸ் வாசலில் படித்தார். மடித்துப் பையில் வைத்தார். பிறகு சட்டையின் இடது கழுத்தோரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்து நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"வுடு மேஸ்திரி. அப்பா செத்தா இப்டிக் கிழிக்கணும். எங்க வழக்கம்."

அப்படியே தரையில் உட்கார்ந்தார். தங்கள் வழக்கத்தில் இறந்தவரை வைத்திருக்க மாட்டார்கள், உடனே அடக்கம் செய்துவிடுவார்கள், இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்றார். அப்பாவுக்காகச் சொல்லவேண்டிய ஜெபம் ஒன்று உண்டு, அதற்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்றும் சொன்னார். நான் உடனே, ஷிப்டில் எவ்வளவோ பேர் இருக்கிறோம் சார், இப்போதே கூட்டி வருகிறேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எங்க ஆளுங்களா இருக்கணும் மேஸ்திரி என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பத்துப் பேரைத் தேடி அன்று சாயங்காலமே பம்பாய் கிளம்பினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, உலைக்குக் காற்று குறைத்துவிடு, செங்கல் வெடித்துவிடும் என்று வேலை சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

அவருக்கும் எனக்கும் இருந்த தகராறு மேசியா வந்தாரா வரவில்லையா என்பது மட்டும் அல்ல என்று பின்னால்தான் எனக்கு உறைத்தது. அவர் காத்திருந்தவர் வந்தால் உலகம் உருப்பட ஆரம்பிக்கும். நான் காத்திருந்தவர் வந்தால் உலகம் முடிந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். பைபிளில் அப்படியா இருக்கிறது? என் பயம் அதை அப்படிப் படித்தது. அவரோடு உட்கார்ந்து இதையும் பேசியிருக்கலாம். ஞாயிறும் சனியும் மாற்றிக்கொண்டவர்கள் எதைத்தான் பேசியிருக்க முடியாது.

ஜனவரியில் பழவேற்காட்டுத் தண்ணீரில் எனக்கு முழுக்கு நடந்தது. இரண்டாவது வரிசையை வேறு ஒரு இன்ஜினியர் வந்து முடித்தார். பம்பாய்க்காரர் நவம்பரில் போயிருந்தால், பார்வையில்லாத அப்பாவின் பக்கத்தில் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பார். அவர் போகவில்லை. பெரியவர் சாகும்போது கூட இருந்தது மகள் மட்டும்தான்.