கடிதத்தில் மூன்றாவது பெயர்

எங்கள் உதைபந்தாட்டக் கழகம் தன்னுடைய கோல் அடிக்கிற ஒன்பதாம் இலக்க ஆட்டக்காரனை விற்றுவிட்ட செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. நான் வேலைத்தளத்தில் ரயில் சமிக்ஞை வரைபடம் ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறந்திருந்தேன். செய்தியை வாசித்ததும் பெட்டியை மூடினேன். ஐம்பத்து மூன்று வயது மனிசன் ஒரு பந்தடிக்காரனுக்காகப் பட்டினி கிடப்பானா என்று மனைவி அன்று பின்னேரம் கேட்டாள். கிடப்பான். நான் கிடந்தேன்.

கழகம் என்றால் உலகக் கோப்பை வென்ற ஆட்டக்காரர்கள் உள்ள கழகம் என்று நினைக்கவேண்டாம். மாநிலப் போட்டியில் இரண்டாம் பிரிவில் ஆடுகிற கழகம். லிட்கம் புறநகரில், எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகு வந்த அகதிகள் தொடங்கியது. இன்றும் அவர்களுடைய பிள்ளைகள்தான் நிர்வாகம். எங்கள் பிள்ளைகள் சின்ன வயதில் அங்கே ஆடப் போனார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு நாங்கள் போனோம். பிள்ளைகள் வளர்ந்து ஆட்டத்தை விட்டுவிட்டார்கள், தகப்பன்மார் விடவில்லை. பதினொரு பேர். ஞாயிறு மூன்று மணிக்கு சீமெந்துப் படிகளில் மூன்றாவது வரிசை எங்களுடையது. வடையும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் வரும். நடுவர் பிழையாக ஊதினால் தமிழில்தான் திட்டுவோம். அதுதான் வசதி.

முதல் பிரிவுக்கு ஏறவேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். இரண்டு முறை கிட்டப் போய் வழுக்கினோம். அந்த ஒன்பதாம் இலக்கக்காரன் வந்த பிறகு, இந்த முறை ஏறிவிடுவோம் என்று நான் உண்மையாகவே நம்பினேன். அவனை முதல் பிரிவில் உள்ள, நாங்கள் எட்டிப் பிடிக்கவேண்டிய அதே கழகத்துக்கே விற்றார்கள். சரி, விற்ற காசில் இன்னொருவனை வாங்குவார்கள் என்று பார்த்திருந்தோம். வாங்கவில்லை. ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலம் இரண்டு தரம் வந்து போனது. கழக மண்டபத்தில் மட்டும் புதிதாக ஒரு பாரும், சுவர் நிறைய ஒரு தொலைக்காட்சியும் வந்தன. கேட்டால், அடுத்த சீசன் பார்க்கலாம் என்பார் தலைவர். போனவனுடைய இடத்தில் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவனை முன்னுக்கு நிறுத்தினார்கள். பாவம், அவனுக்குப் பந்து காலில் பட்டாலே பயம்.

எனக்கு வந்த கோபத்தைச் சின்னக் கோபம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். இந்த நாட்டில் எதற்கும் குரலை உயர்த்தாமல் இருபது வருடம் வாழ்ந்திருக்கிறேன். பதவி உயர்வு எனக்குக் கீழே வேலை பழகியவனுக்குப் போனபோதும் சிரித்துக்கொண்டு கைகொடுத்தேன். கத்துவதற்கு எனக்கென்று இருந்தது அந்தப் படிக்கட்டு ஒன்றுதான். அங்கேயும் என்னை மடையனாக்குகிறார்கள் என்று பட்டது. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. கோயில் திருவிழா அறிவித்தல், பழைய மாணவர் சங்க இராப்போசன அறிவித்தல் எல்லாம் என் கையால்தான் போகும். எங்கள் ஆட்களின் அறிவித்தலில் செய்தி நான்கு வரி, பெயர்கள் நாற்பது வரி இருக்கும். பெயரைப் போடலாமா என்று எவரிடமும் கேட்பதில்லை. போட்டால் எவரும் கேட்கமாட்டார்கள், விட்டால்தான் வில்லங்கம். ஒருமுறை இராப்போசன அறிவித்தலில் ஒருவருடைய பெயர் தவறிப்போய், அவர் இரண்டு வருடம் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சூடு கண்டதிலிருந்து நான் ஒரு பெயரையும் விடுவதில்லை.

கடிதம் ஆங்கிலத்தில் நன்றாக வந்தது. மிக நன்றாக வந்துவிட்டது. பாருக்கு ஆள் பிடிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்குக் கோல் அடிக்க ஆள் பிடிக்கத் தெரியவில்லை என்று எழுதினேன். தலைவர் எங்களை வருடக்கணக்காக ஏமாற்றுகிறார் என்றும் எழுதினேன். கீழே பதினொரு பெயர். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது கோயிலில் பொருளாளராக இருந்தவருடையது, மூன்றாவது என் பக்கத்தில் எப்போதும் இருக்கும் அவருடையது. நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டு, கழகத்தின் இணையப் பக்கத்திலும் போட்டேன். ஒரே நாளில் வெள்ளைக்காரர்கள் உட்பட எவ்வளவோ பேர் அதைப் பாராட்டினார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அந்த மூன்றாவது பெயருக்குரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். படகில் வந்தவர். விடியற்காலையில் மரக்கறிச் சந்தையில் பெட்டி இறக்குகிற வேலை. பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசாவில் இருக்கிறார். வழக்குத் தோற்று, மேன்முறையீடும் தோற்று, இனி அமைச்சருக்கு விண்ணப்பம் என்ற நிலை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை நினைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை. என் மனதில் அவர் ஆட்டம் பார்க்க வருகிற ஒரு தம்பி. அரைவாசி ஆட்டத்திலேயே எங்கே பிழை என்று சொல்லிவிடுகிற ஆள். கழகத்தில் கோடு போடுகிற கிழவருக்கு முழங்கால் பழுதானபோது, நான் போடுறன் என்று தானாகவே போனார். நான்கு வருடமாக ஞாயிறு காலையில் அந்த மைதானத்தின் வெள்ளைக் கோடெல்லாம் அவர் போடுவதுதான்.

புதன்கிழமை பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் இருக்கவில்லை. மனைவி குசினிக்குள்ளிருந்து, "இருங்கோ தம்பி, தேத்தண்ணி போடுறன்" என்றாள். "வேண்டாம் அக்கா" என்றார். கதிரையை இழுத்துப் போட்டேன், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, என்ர பேரை ஏன் போட்டனீங்கள்?"

எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "எல்லாற்றை பேரும் போட்டனான்தானே. உம்மடையை விட்டா நீர் கோவிப்பீர் எண்டு..."

"நான் பேர் குடுக்கிறேல்லை அண்ணை. ஒரு இடத்திலயும் குடுக்கிறேல்லை. அங்க ஊரில ஒருக்கா ஒரு லிஸ்ட்டில என்ர பேர் இருந்தபடியாத்தான் நான் இங்க நிக்கிறன்."

மனைவி வாசலில் வந்து நின்றாள். அவர் குரலை உயர்த்தவில்லை. அமைச்சருக்குப் போகும் விண்ணப்பத்தோடு ஆதரவுக் கடிதங்கள் வேண்டுமாம். கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் பெரிய உதவியாக இருக்கும் என்று அவருடைய வழக்கைப் பார்க்கும் லோயர் சொல்லியிருக்கிறார். தலைவரும் தருகிறேன் என்றிருக்கிறார். நான்கு வருடம் சம்பளமில்லாமல் வேலை செய்த ஆள், நல்ல மனிதன் என்று கழகத்தின் முத்திரையோடு எழுதித் தருவதாக. திங்கட்கிழமை தந்திருக்கவேண்டும். திங்கட்கிழமை இவர் போனபோது, தலைவர் என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, அந்த மூன்றாவது பெயரில் விரலை வைத்துக் காட்டினாராம்.

"நான் எழுதேல்லை எண்டு சொன்னீரோ?"

"சொன்னனான். அப்ப உன்ர பேர் ஏன் கிடக்கு எண்டு கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? எங்கட ஆக்கள் கேக்காமல் போடுவினம் எண்டா வெள்ளைக்காரனுக்கு விளங்குமோ?" கதிரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "லோயர் வாற வெள்ளிக்கிழமைக்கிடையில கேக்கிறார்" என்றார்.

அவர் போன பிறகு நான் அந்தக் கதிரையில் இருந்தேன். என் பெயர் பதினொரு இடத்தில் இருந்தாலும் எனக்கு ஒன்றும் வராது. என்னிடம் குடியுரிமை இருக்கிறது, வீடு இருக்கிறது, சட்டம் தெரிந்த மைத்துனன் இருக்கிறான். நான் ஒரு பந்தடிக்காரனுக்காக எழுதிய கடிதத்தில் இன்னொருவருடைய வாழ்க்கையைக் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறேன். அதுவும் மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தலைவரைப் பார்க்கப் போனேன். எழுபது வயது தாண்டிய மனிதர். அந்தப் புதிய பாரில், பெரிய தொலைக்காட்சிக்குக் கீழே தனியாக இருந்தார். எனக்கும் ஒரு கோப்பி போட்டுத் தந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு அந்தக் கோப்பி இன்னும் சங்கடமாக இருந்தது. நீ ஒரு நாளாவது நிர்வாகக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த ஒன்பதாம் இலக்கக்காரன் போகவேண்டும் என்றான், போக விரும்புகிறவனைக் கட்டி வைக்கமுடியாது என்றார். பதிலுக்கு, அவன் போனதல்ல குற்றம், அவனுடைய இடத்தை நீங்கள் காலியாக விட்டதுதான் குற்றம் என்று வாய் வரைக்கும் வந்தது. நான் அதற்காகப் போகவில்லை. கோப்பியோடு சேர்த்து விழுங்கினேன்.

அந்தத் தம்பிக்கும் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை, அவரைக் கேட்காமல் நான்தான் பெயரைப் போட்டேன் என்றேன். அது எங்கள் பழக்கம் என்று விளக்கப் பார்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவனை எனக்குப் பிடிக்கும், ஆனால் ஏமாற்றுக்காரர் என்று எங்களைச் சொன்ன ஆளுக்கு ஏன் கழகத்தின் முத்திரை என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள் என்றார். நீ எழுது, அவனுக்குத் தெரியாது என்று எழுது. கடிதத்தில் மற்றதும் பிழை என்று எழுது. எழுதினால் நிர்வாகத்தில் நான் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

பெயர் விஷயம் பிழை, மற்றது பிழையில்லை என்றேன்.

நீயே யோசி என்று சொல்லிவிட்டு அவர் கோப்பைகளைக் கழுவப் போனார்.

காருக்குள் இருந்துகொண்டு போனிலேயே எழுதினேன். பத்து வரிகூட இல்லை. நான் எழுதியதிலேயே கஷ்டமான எழுத்து அதுதான். அவசரத்தில் தவறான தகவல்களை நம்பி எழுதிவிட்டேன், மூன்றாவது பெயருக்குரியவருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை, கழகத்தின் எதிர்காலத் திட்டங்களில் எனக்கு முழுத் திருப்தி. இணையப் பக்கத்திலும் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் கழகத்தின் முத்திரையோடு ஆதரவுக் கடிதம் லோயரின் கையில் இருந்தது.

எங்கள் பதினொரு பேர் குழுவில் தீ பிடித்தது. தன்னுடைய வழக்கைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று தம்பி கேட்டிருந்தார், அதனால் நான் ஏன் மாறினேன் என்று சொல்லமுடியவில்லை. "அண்ணைக்கு பாரில ஓசிப் பியரோ?" என்றார் ஒருவர். "நிர்வாகத்தில கதிரை குடுக்கினமாம்" என்றார் இன்னொருவர். முன்னாள் பொருளாளர் பகிடி விடவில்லை. "நாங்கள் உம்மை நம்பி எங்கட பேரைத் தந்தனாங்கள்" என்றார். தரவில்லை, நானாகத்தான் எடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லியும் பயனில்லை. பிறகு எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள்: குழு இரண்டானது. ஏழு பேர் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய், எங்களுக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் வேண்டும் என்று எழுதிய பதாகையோடு நிற்கிறார்கள். இரண்டு பேர் என்மேல் இரக்கப்பட்டு மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். ஆனால் வடை மற்றப் பக்கம் போய்விட்டது.

புதிய சீசனும் தொடங்கிவிட்டது. இன்னும் எவனையும் வாங்கவில்லை. அமைச்சரிடமிருந்தும் இன்னும் பதில் இல்லை.

போன ஞாயிறு குளிர்காற்று. பாதி ஆட்ட இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். முன்னுக்கு நிற்கிற அந்தப் பெடியன் வெறும் கோலுக்கு முன்னால் நின்று பந்தை வெளியே அடித்திருந்தான். கம்பத்துக்குப் பின்னால் நின்ற ஏழு பேரும் கத்த, அவர்களோடு சேர்ந்து அந்தப் பக்கம் முழுவதும் கத்தியது. கோடு போடுகிற தம்பி வலையின் ஓரத்தைச் சரிபார்த்துவிட்டு வேலியோரமாக நடந்துவந்து, எனக்கு நேரே நின்றார். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவர் படிக்கட்டுக்கு வந்து இருப்பதில்லை. வணக்கம் சொல்வார், போய்விடுவார்.

"அண்ணை, அந்த உங்கட முதல் கடிதத்தில ஒரு பிழையும் இல்லை" என்றார் மெதுவாக. "நான் எத்தினையோ தரம் வாசிச்சனான். எனக்கும் வயிறு எரியுது. நாலு வருசம் இந்தக் கோட்டைப் போட்டுப்போட்டு, இவங்கள் ஏறவேணும் எண்டு எவ்வளவு ஆசைப்பட்டனான் எண்டு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும்" என்றேன்.

"நான் கத்தேலாது. நீங்கள் கத்தலாம்தானே? உங்களை என்ன செய்யப்போறாங்கள்? ஒருக்கா எழும்பிக் கத்துங்கோ அண்ணை. எனக்கும் சேத்து."

எழுந்தேன். நெஞ்சுக்குள் எல்லாம் தயாராக இருந்தது, தமிழில். மூச்சை இழுத்தபோது பாரின் கண்ணாடிக்குப் பின்னால் கோப்பியோடு நின்ற தலைவர் என்னைக் கண்டார். கண்டு, சிநேகமாகக் கையை உயர்த்திக் காட்டினார். அமைச்சரின் அலுவலகத்திலிருந்து யாராவது இந்த மனிதருக்குப் போன் எடுத்து, அந்த ஆதரவுக் கடிதம் நீங்கள் எழுதியதுதானா என்று கேட்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. நாளைக்குக் கேட்கலாம், அடுத்த வருடமும் கேட்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலைவருக்குத் திருப்பிக் கை காட்டிவிட்டு உட்கார்ந்தேன்.