எட்டு அண்டா, இரண்டு கல்யாணம்

என் அக்கா புருஷன் மதிவாணன் குத்தாலத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டா, குண்டான், அடுப்பு, நாற்காலி என்று கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் உண்டு. வியாபாரம்தான் அவருக்குத் தெரியாது என்பது என் அபிப்பிராயம். பாத்திரம் கேட்டு வருகிறவருக்கு முதலில் மோர் கொடுப்பார். பிறகு சமையலுக்கு யார், தண்ணீருக்கு என்ன வழி, வயதானவர்கள் எத்தனை பேர் என்று விசாரணை நடக்கும். கேட்ட சாமானோடு கேட்காததும் வண்டியில் ஏறும். கைக்குழந்தை இருந்தால் தூளிக்கு ஒரு புடவையும் கயிறும். கல்யாண வீட்டார் எப்போதும் மறந்துவிடும் தீப்பெட்டி, ஊக்கு, மஞ்சள் கயிறு எல்லாம் போட்ட ஒரு தகரப் பெட்டி.

"கேட்டாத்தான் குடுக்கணுமா மாப்ள? அவங்களே பதட்டத்துல இருப்பாங்க" என்பார்.

இந்த நல்ல மனசு, போன ஆவணியில் அவருடைய மகள் கவிப்ரியாவின் கல்யாணத்திலேயே கை வைத்தது.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் அப்துல் ஹமீது என்பவர் கடைக்கு வந்தார். அவர் மகளுக்கும் அதே ஞாயிறு நிக்காஹ். பேசி வைத்திருந்த பாத்திரக் கடைக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாராம். மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. கவிப்ரியா கல்யாணத்துக்கென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த எட்டுப் பெரிய அண்டாக்களையும் மச்சான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். தன் வீட்டிலும் கல்யாணம் என்று மூச்சுவிடவில்லை. நமக்கு மயிலாடுதுறையில் கிடைத்துவிடும் என்று நம்பினார். அதுவோ ஆவணியின் கடைசி முகூர்த்தம். தரங்கம்பாடி வரை போன் போட்டும் ஒரு அண்டா காலி இல்லை.

சனிக்கிழமை மதியம் வரை இதே கதைதான். மறுநாள் அறுநூறு பேருக்குச் சமைக்க வேண்டும். சம்பந்தியோ சாப்பாட்டில் குறை வந்தால் நன்றாக இருக்காது என்று மூன்று தடவை போன் செய்தவர். அனுராதா அக்கா மச்சானோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை பைக்கில் உட்கார வைத்து நேரே ஹமீது வீட்டுக்கு ஓட்டினேன்.

அங்கே போய் மனுஷன் அண்டாவைக் கேட்டாரா? அடுப்பு காற்றடிக்கிற பக்கம் இருக்கிறது என்று சொல்லி, ஆளோடு ஆளாக அதை நகர்த்திக்கொண்டிருந்தார்! நான்தான் போட்டு உடைத்தேன்.

"பாய், நாளைக்கு இவரு பொண்ணுக்கும் கல்யாணம். அதுக்கு வச்சிருந்த அண்டாதான் இதெல்லாம்."

ஹமீது மச்சான் பக்கம் திரும்பினார். "ஏங்க, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்குள்ள" என்றார் மச்சான், திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி.

"அப்ப இப்பவே ஏத்துங்க. நிக்காஹ் பதினொண்ணுக்கே நடக்கட்டும், விருந்தை ராத்திரிக்கு மாத்திக்கிறேன். சாம்பார் வச்சதுல நாங்க பிரியாணி போட்டுக்கலாம். பிரியாணி போட்டதுல நீங்க சாம்பார் வைக்க முடியுமா? மதியம் ஒரு மணிக்கு மட்டும் எங்க கைக்கு வந்துடணும்."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கடைசிப் பந்தி எழுந்தபோது மணி பன்னிரண்டு. பாத்திரம் கழுவ இருந்தது இரண்டே பெண்கள். மச்சான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைப்புறக் குழாயடிக்கு ஓடினார். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் பின்னாலேயே போனோம்.

தேய்த்துக்கொண்டே நிமிர்ந்த மச்சானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே ஒரு அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டு அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை அரவிந்தன்.

"ஐயோ, எந்திரிங்க மாப்ள! உங்க அப்பா பாத்தா என்ன நினைப்பாரு?"

"அப்பா அந்தப் பக்கம் குண்டான் தேச்சுட்டு இருக்காரு மாமா. தேங்காய் நார் பத்தலையாம்."

திரும்பிப் பார்த்தேன். பட்டுச் சட்டையெல்லாம் நனைந்து, கரி பூசிய கையோடு உட்கார்ந்திருந்தார் சம்பந்தி. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மச்சானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி கிளம்பியது. மூன்று நாளாக வாய் திறக்காத அக்கா வாசலில் நின்று எட்டையும் எண்ணினாள். "ஏங்க, தாம்பாளம் ஒண்ணுகூட ஏத்தலையே? ராத்திரி பிரியாணி எடுத்து வைக்க நிக்காஹ் வீட்டுல தேடுவாங்கல்ல!" என்று மச்சானை ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, பெரியதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.